பரத்பூரில் கொக்கு எண்ணியவர்

கோரைக்கிழங்கு நமக்குப் பழக்கமானதுதான். வயலில் களை எடுப்பவர்களுக்கு அது தீராத தொல்லை. நாட்டு மருந்துக் கடையில் அது நல்ல சரக்கு. வாங்கிக் காயவைத்து அரைத்துக் குளியல் பொடியில் சேர்ப்பவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கிழங்கைத் தின்பதற்காக மேற்கு சைபீரியாவின் சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பி, ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, ராஜஸ்தானில் இருக்கும் பரத்பூருக்கு ஒரு பறவை ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது.

அதன் பெயர் சைபீரியப் பெருங்கொக்கு. நிமிர்ந்து நின்றால் பத்து வயதுப் பிள்ளையின் உயரம் இருக்கும். உடம்பு முழுக்க வெள்ளை. முகத்தில் மட்டும் இறகில்லாத சிவந்த தோல். சிறகை விரிக்கும்போதுதான் நுனியில் இருக்கும் கறுப்பு தெரியும். ஆழமில்லாத தண்ணீரில் நின்று, தலையைக் கண் வரைக்கும் சேற்றுக்குள் விட்டுத் துழாவும். அலகின் ஓரத்தில் ரம்பப் பல் போல வெட்டுகள் இருப்பதால், அகப்பட்ட கிழங்கு வழுக்கிக்கொண்டு போகாது. வெளியே வரும்போது முகமெல்லாம் சேறு. கிழங்கை விழுங்கிவிட்டு மறுபடியும் குனியும். விடிந்ததிலிருந்து அடையும் வரை பெரும்பாலும் இதே வேலைதான்.

இந்தச் சேற்று வேலையைக் குளிர்காலம் குளிர்காலமாக உட்கார்ந்து பார்த்து, அதையே முனைவர் பட்ட ஆய்வாக்கியவர் ஓர் அமெரிக்க மாணவர். பெயர் ரான் சாவி. பெருங்கொக்குகளைக் காப்பாற்றிய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவருடைய நண்பர் ஜார்ஜ் ஆர்ச்சிபால்டைப் பற்றித்தான் சொல்வார்கள். அதில் தவறில்லை, ஆர்ச்சிபால்ட் அதற்குத் தகுதியானவர். ஆனால் நம் நாட்டுச் சேற்றுக்கு வந்தவர் சாவி. அவரைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியாக வேண்டும் என்று பல நாளாக மனதில் இருந்தது.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலிலேயே தீர்த்துவிடலாம். நம் வயல்களில் உழவு மாட்டின் பின்னால் நடக்கும் கொக்கும், குளத்தோரம் நிற்கும் மடையானும் வேறு குடும்பம். அவை பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொள்ளும். கிரேன் என்று உலகம் அழைக்கும் பெருங்கொக்குகள் கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும். தரையிலோ ஆழமில்லாத நீரிலோ கூடு வைக்கும். உலகில் மொத்தம் 15 இனங்கள். வட இந்திய வயல்களில் ஜோடியாகத் திரியும் ஆறடிச் சாரசமும் அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் பெருங்கொக்கை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

வானொலியில் கேட்ட பறவை

கனடாவின் கிழக்கு ஓரத்தில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாநிலம். 1950-களில் அங்கே ஓரறைப் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவன் ஆர்ச்சிபால்ட், வானொலியில் ஒரு நாடகம் கேட்டான். ஹூப்பிங் என்னும் வெள்ளைப் பெருங்கொக்கு ஜோடியின் கதை அது. 1941-ல் அந்த இனத்தில் இருபது சொச்சம் பறவைகளே உலகில் மிஞ்சியிருந்தன. குளிர்காலத்தில் அவை டெக்சஸ் கடற்கரைக்கு வருவது தெரியும். கோடையில் எங்கே போய்க் கூடு வைக்கின்றன என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1954-ல்தான் கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் அந்த இடம் கண்டுபிடிக்கப்பட்டது. நாடகத்தின் கரு அதுதான்.

அந்தச் சிறுவன் வளர்ந்து 1968-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட தலைப்பு, பெருங்கொக்குகளின் இணைக்குரல். ஆணும் பெண்ணும் அருகருகே நின்று, கழுத்தை நிமிர்த்தி, அலகை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு சேர்ந்து கூவும் குரல் அது. பல இனங்களில் ஆண் ஒரு குரல் கொடுத்தால் பெண் இரண்டு மூன்று குரல் கொடுக்கும். கேட்பவருக்கு ஒரே பறவை கூவுவது போலிருக்கும். அவ்வளவு பிசகில்லாத தாளம். எந்த இனம் எப்படிக் கூவுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த இனம் எதற்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்ல முடியுமா? இதுதான் ஆர்ச்சிபால்ட் கேட்ட கேள்வி.

இந்தக் கேள்வியால் யாருக்கு என்ன லாபம் என்று நம் வீடுகளில் உடனே கேட்பார்கள். பறவை ஆய்வுக்குப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் எல்லா ஊரிலும் அம்மா அப்பா கேட்பதுதான் இது. இதற்கான விடை சில ஆண்டுகளில் தானாகவே வந்தது. பெருங்கொக்குகளில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அழியப்போகும் ஓர் இனத்தைக் கூண்டில் வைத்துப் பெருக்க நினைப்பவர்கள் இரண்டு ஆண்களைச் சேர்த்துவிட்டு முட்டைக்காகக் காத்திருந்தால் என்ன ஆகும்? இணைக்குரலைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர் பறவையைத் தொடாமலே எது ஆண், எது பெண் என்று சொல்லிவிடலாம். ஒலிநாடாவும் காதுமாக ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்த ஒரு மாணவரின் உழைப்பு, பிறகு வந்த பெருங்கொக்குப் பண்ணைகளுக்கெல்லாம் அடிப்படைப் பாடமாகிவிட்டது.

1971-ல் அதே கார்னெலுக்கு வந்து சேர்ந்தார் சாவி. விஸ்கான்சின் மாநிலத்தில் பாராபூ என்னும் சிற்றூர்க்காரர். பெற்றோர் அங்கே அரபுக் குதிரைகள் வளர்த்த பண்ணைக்குச் சொந்தக்காரர்கள். இரண்டு மாணவர்களும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெருங்கொக்குகளுக்கென்றே ஓர் அமைப்பு வேண்டும். உலகில் உள்ள அத்தனை இனங்களையும் ஒரே இடத்தில் வளர்க்க வேண்டும். அவை வாழும் நாடுகளுக்கெல்லாம் போய் வேலை செய்ய வேண்டும். கையில் காசில்லை, பெயருக்குப் பின்னால் பட்டம்கூட இன்னும் இல்லை. சாவியின் பெற்றோர், குதிரைகள் போனபின் காலியாகக் கிடந்த பண்ணையை ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகைக்குக் கொடுத்தார்கள். 1973-ல் பன்னாட்டுப் பெருங்கொக்கு அறக்கட்டளை அங்கே தொடங்கப்பட்டது. குதிரை லாயங்களில் கொக்குகள் குடியேறின.

அந்த ஊர் மண்ணுக்கும் இதில் பங்குண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. சூழலியல் சிந்தனைக்கு அடிக்கல் நாட்டிய ஆல்டோ லியோபோல்ட் வார இறுதிகளில் வந்து தங்கிய மரக்குடிசை பாராபூவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் எழுதி 1949-ல் வெளியான நூலில், சதுப்பு நிலத்தையும் பெருங்கொக்கையும் பற்றிய கட்டுரை ஒன்று இருக்கிறது.

கனாவின் சேறு

இருவரும் உலக வரைபடத்தை விரித்து ஆளுக்கொரு திசையைப் பிரித்துக்கொண்டது போல வேலை நடந்தது. ஆர்ச்சிபால்ட் ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்கும் கொரியாவுக்கும் போனார். சாவி இந்தியாவுக்கு வந்தார்.

பரத்பூரில் இருக்கும் கேவலாதேவ் பூங்காவை உள்ளூர்க்காரர்கள் 'கனா' என்பார்கள். அடர்ந்த காடு என்று பொருள். பெயரில்தான் காடே தவிர, அது மனிதர் உண்டாக்கிய நீர்நிலை. 18-ம் நூற்றாண்டில் மகாராஜா சூரஜ்மல் காலத்தில் கட்டிய அஜான் அணையிலிருந்து மழைக்காலத்தில் தண்ணீர் திறந்துவிட, பள்ளமான நிலம் நிரம்பி ஏரியாகும், கோடையில் வற்றும். பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர்தான். நம் ஊர் ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. மதகு, வாய்க்கால், கரை, கரை மீது மரம் எல்லாம் அங்கேயும் உண்டு.

நான் போனபோது வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா எடுத்துக்கொண்டேன். அங்கே ரிக்‌ஷாக்காரர்களே வழிகாட்டிகள். தூரத்தில் ஒரு புள்ளியைக் காட்டினால் பெயர் சொல்கிறார்கள். உள்ளே சிவன் கோயில் ஒன்று. கேவலாதேவ் என்பது அந்தச் சிவனின் பெயர்தான். கோயிலுக்கு அருகே ஒரு கல்வெட்டு. எந்தத் தேதியில் எந்த விருந்தாளி வந்தார், எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை என்று மன்னர் காலத்து வேட்டைக் கணக்கு முழுவதும் அதில் வெட்டியிருக்கிறது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்த நாளில் ஒரே நாளில் 4,273 பறவைகள். அந்த எண்ணைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, சற்று நேரம் அங்கேயே நின்றேன். சுட்டதை இத்தனை துல்லியமாக எண்ணிக் கல்லில் வைத்தவர்கள் இருந்த அதே இடத்துக்குத்தான், உயிரோடு இருப்பதை எண்ணுவதற்காகச் சாவி வந்தார்.

அவருக்கு முன்னால் இந்தப் பறவையைக் கூர்ந்து பார்த்தவர்கள் இல்லாமலில்லை. ஜஹாங்கீர் அரண்மனை ஓவியர் உஸ்தாத் மன்சூர் 17-ம் நூற்றாண்டில் இதை வரைந்திருக்கிறார். ஐரோப்பிய அறிவியல் இதற்கு முறையாகப் பெயர் வைத்ததற்கு நூறாண்டுக்கும் மேல் முந்திய படம் அது. பின்னாளில் காங்கிரஸ் கட்சி தோன்றக் காரணமாக இருந்த ஏ.ஓ. ஹியூம், அதிகாரியாக எட்டாவாவில் இருந்தபோது இந்தக் கொக்குகளைக் கவனித்து எழுதியிருக்கிறார். அப்போது இவை கங்கைச் சமவெளியின் பல ஏரிகளுக்கு வந்துகொண்டிருந்தன. 1960-களில் பரத்பூர் மட்டுமே பெயர் சொல்லும்படி மிஞ்சியது. 1964-65 குளிர்காலத்தில் அங்கே எண்ணப்பட்டவை 200. 1970-களின் நடுவில் சாவி வந்தபோது நூறுகூட இல்லை.

நீர்ப்பறவை ஆய்வு என்றால் வெளியே இருப்பவர்களுக்குத் தொலைநோக்கியும் அழகான விடியலும் நினைவுக்கு வரும். களத்தில் அது பெரும்பாலும் காத்திருப்பு. இருட்டோடு போய் உட்கார வேண்டும். பனிமூட்டம் விலகும்வரை எதுவும் தெரியாது. ஒரு பறவையைக் குறித்துக்கொண்டு, குறிப்பிட்ட இடைவெளியில் அது என்ன செய்கிறது என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்: தின்கிறது, நிமிர்ந்து பார்க்கிறது, இறகு கோதுகிறது, தின்கிறது, தின்கிறது. ஒரே பக்கத்தில் ஒரே சொல் ஐம்பது முறை வரும். அந்த ஐம்பதையும் கூட்டிக் கழித்தால்தான், இந்தப் பறவைக்கு எவ்வளவு ஆழத்துத் தண்ணீர் வேண்டும், எந்தக் கிழங்கு வேண்டும், ஒரு குடும்பத்துக்கு எத்தனை இடம் வேண்டும் என்பது வெளியே வரும். காப்பாற்றுவது எப்படி என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. வேறெந்தக் குறுக்கு வழியும் கிடையாது.

சாவியின் குறிப்புகளிலிருந்து தெரியவந்தவை இவை. பெற்றோரும் ஒரு குஞ்சுமாக வரும் குடும்பங்கள் ஏரியில் தனித்தனி இடம் பிடித்துக்கொண்டு வேறு கொக்கை உள்ளே விடாமல் காக்கின்றன. ஜோடி சேராதவையும் இளையவையும் கூட்டமாகத் திரிகின்றன. மற்றப் பெருங்கொக்குகள் தவளை, பூச்சி, தானியம் என்று அகப்பட்டதைத் தின்னும்போது, இவை பரத்பூரில் நீருக்கடியிலிருக்கும் கிழங்கையே நம்பி வாழ்கின்றன. அதாவது, வெள்ளத்திலும் இதற்குப் பிழைப்பில்லை, வறண்ட தரையிலும் இல்லை. கால் நனைந்து கிழங்கு எட்டும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். இத்தனை குறுகலான தேவையுள்ள பறவைக்கு ஓர் ஏரி போனால் அடுத்த ஏரி என்ற வழி கிடையாது. இந்த இனம் ஏன் இப்படி நொடிந்தது என்பதற்கு அந்தச் சேற்றிலேயே விடை கிடந்தது.

பெட்டியில் வந்த முட்டைகள்

பரத்பூரில் எண்ணிக்கை சரிவதைப் பார்த்துக்கொண்டே நோட்டுப் புத்தகத்தை நிரப்பிக்கொண்டிருக்க அவருக்கு மனம் வரவில்லை. கூண்டில் ஒரு கூட்டத்தை வளர்த்து வைத்தால், காட்டில் இனம் அற்றுப்போனாலும் விதைநெல்லாக இருக்கும் என்று இரு நண்பர்களும் நினைத்தார்கள். முட்டை இருந்த இடமோ சோவியத் யூனியன். பனிப்போர்க் காலம். நல்லவேளையாக, 1972-ல் அமெரிக்காவும் சோவியத்தும் சுற்றுச்சூழல் ஒத்துழைப்புக்கு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன.

இதில் ஓர் உயிரியல் நுணுக்கம் உண்டு. சைபீரியப் பெருங்கொக்கு இரண்டு முட்டையிடும். பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கும். அதனால் கூட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாலும் காட்டுக் கூட்டத்துக்குப் பெரிய நட்டம் இல்லை. 1977-ல் விளாதிமிர் ஃபிளின்ட் என்ற சோவியத் பறவையியலாளர் கிழக்கு சைபீரியாவின் யாகூத்தியாப் பகுதியில் இருந்த கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்து மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அவற்றைச் சூடு குறையாமல் பெட்டியில் வைத்து விஸ்கான்சின் வரை கொண்டுபோனார்கள். அடைகாக்கும் பறவைக்குப் பதிலாக ஆராய்ச்சியாளர் கையில் பெட்டி. விமானம் மாறி விமானம். பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணைப் பேருந்தில் அழைத்துப் போகிறவரின் பதற்றத்தை எண்ணிக்கொள்ளுங்கள். குஞ்சு பொரிந்தது. ஃபிளின்ட்டின் நினைவாக ஒன்றுக்கு விளாதிமிர் என்று பெயர் வைத்தார்கள்.

இதே ஆண்டுகளில் பாராபூவில் ஆர்ச்சிபால்ட் வேறொரு பறவையோடு போராடிக்கொண்டிருந்தார். டெக்ஸ் என்ற ஹூப்பிங் பெண் கொக்கு. 1967-ல் சான் அன்டோனியோ உயிர்க்காட்சிசாலையில் பொரிந்து, மனிதர் கையிலேயே வளர்ந்ததால், தன்னையும் மனிதர் என்றே நம்பிய பறவை. ஆண் கொக்கை ஏறெடுத்தும் பார்க்காது. ஆர்ச்சிபால்ட் தானே அதன் ஜோடியாக நடித்தார். அதனோடு குதித்தார், கைகளைச் சிறகுபோல விரித்து ஆடினார், புல்லை எடுத்து வீசினார். பெருங்கொக்குகளின் காதல் நடனம் அப்படித்தான் இருக்கும். டெக்ஸும் ஆடியது. செயற்கை முறையில் கருவூட்டி, ஆண்டுக்கணக்கில் முயன்றும் முட்டைகள் வீணாகின. 1982 வசந்தத்தில் அதன் கொட்டிலிலேயே விடியலிலிருந்து இருட்டும்வரை இருந்தார். அந்த ஆண்டு ஒரே ஒரு முட்டை பொரிந்தது. குஞ்சின் பெயர் ஜீ விஸ். சில வாரங்களே ஆகியிருக்கும். ரக்கூன்கள் புகுந்து டெக்ஸைக் கொன்றுவிட்டன. ஜீ விஸ் பெரிய குடும்பஸ்தனாகி 2021 வரை வாழ்ந்தது.

டெக்ஸ் கதையைக் கேட்டுக் கண்கலங்காதவர்கள் குறைவு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆர்ச்சிபால்ட் சொன்னபோது அரங்கமே அமைதியானதாம். ஆனால் ஆய்வாளர்கள் அதில் எடுத்துக்கொண்ட பாடம் கண்ணீர் அல்ல: குஞ்சு முதலில் பார்க்கும் முகம் மனித முகமாக இருக்கக் கூடாது. 1980-களின் நடுவில் ராபர்ட் ஹார்விச் என்பவர் பாராபூவில் ஒரு முறையை வகுத்தார். வளர்ப்பவர் தலை முதல் கால் வரை அங்கி போட்டு மறைத்துக்கொண்டு, கையில் கொக்குத் தலை பொம்மை வைத்து, அதன் அலகால் இரை ஊட்ட வேண்டும். வாய் திறந்து பேசவே கூடாது. இன்று ஹூப்பிங் கொக்குகள் கூண்டிலும் காட்டிலுமாக 800-ஐ ஒட்டி இருக்கின்றன என்றால் அதில் அந்த வெள்ளை அங்கிக்கும் பங்கு உண்டு.

எருமை சொன்ன உண்மை

பரத்பூருக்குத் திரும்புவோம். 1981-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியல், 1982-ல் தேசியப் பூங்கா, 1985-ல் உலக மரபுச் சின்னம் என்று கனாவுக்குப் பெருமைகள் சேர்ந்தன. தேசியப் பூங்கா ஆனதும் சட்டப்படி உள்ளே மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. சுற்றியுள்ள கிராமங்களின் ஆயிரக்கணக்கான எருமைகள் தலைமுறை தலைமுறையாக அந்த நீரில்தான் இறங்கி மேய்ந்தன. மாற்று ஏற்பாடு எதுவும் செய்யாமல் மதிலுக்கு வெளியே நிறுத்தினால் மக்கள் என்ன செய்வார்கள்? மோதல் வந்தது. காவல் துறை சுட்டதில் கிராமத்தவர் சிலர் இறந்தார்கள். பறவைகளுக்காகப் பேசும் எவரும் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பது என் எண்ணம். வேட்டைக் கல்வெட்டில் இந்த எண்ணிக்கை இல்லை.

அதன்பிறகு நடந்ததுதான் இந்த முழுக் கதையிலும் நான் அதிகம் மதிக்கும் பகுதி. மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வுக் குழு, வி.எஸ். விஜயன் தலைமையில் 1980-லிருந்து பத்தாண்டு கனாவிலேயே தங்கி வேலை செய்தது. எருமை போனால் பறவைக்கு நல்லது என்பதே அப்போது பாதுகாப்பாளர்களின் பொதுவான நம்பிக்கை. அந்தச் சங்கமும் மேய்ச்சல் தடைக்கு ஆதரவாகவே இருந்தது. அளந்து பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. எருமைகள் இல்லாததால் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பை மூடிவிட்டது. மீனுக்கும் இடமில்லை, வாத்துக்கும் இடமில்லை, கிழங்கு தோண்டும் கொக்குக்கும் இடமில்லை. எருமைதான் இத்தனை காலம் அந்த ஏரிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தது. 1991-ல் வந்த இறுதி அறிக்கை இதை வெளிப்படையாகவே சொன்னது. தன் தரப்பு நம்பிக்கைக்கு எதிராக வரும் விடையையும் எழுதி, அதன்கீழ் பெயரைப் போடுவது சாதாரணக் காரியமல்ல. களத்துக்குப் போகும் மாணவர் முதலில் கற்க வேண்டியதும் இதைத்தான்.

அந்த விஜயன்தான் கோவை ஆனைகட்டியில் 1990-ல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநர். பரத்பூர்ச் சேற்றில் கற்ற பாடம் அப்படி நம் பக்கம் வந்து சேர்ந்தது. இன்று மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தல் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படித்துவிட்டு, கோடியக்கரையில் உப்புக் காற்றில் நின்று உள்ளான்களுக்கு வளையம் மாட்டக் கற்கும் பிள்ளைகளுக்கு, இந்தக் கதை யாராவது சொல்லியிருந்தால் நல்லது.

மனிதர் பிழைப்பும் பறவையும் சேர்ந்தே போகும் என்ற இந்தப் பாடத்தை வேடந்தாங்கலில் உழவர்கள் எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் பறவையைச் சுட வந்தவர்களை அவர்களே தடுத்தார்கள். பரத்பூரில் மதில் எழுப்பிச் செய்ய நினைத்ததை, வேடந்தாங்கலில் மடை வாய்க்கால் செய்துகொண்டிருந்தது.

வழியில் தொலைந்தவை

கனாவைச் சீராக்கினாலும் கொக்கு வர வேண்டுமே. சைபீரியாவுக்கும் ராஜஸ்தானுக்கும் இடையில் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் இருக்கின்றன. கஸ்னிக்கு அருகில் ஆப்-இ-இஸ்தாதா என்னும் உப்பேரியில் இவை இளைப்பாறிவிட்டு வரும். 1979-க்குப் பிறகு அந்த நாடு போர்க்களம். பாகிஸ்தானின் வடமேற்குப் பள்ளத்தாக்குகளில், பழக்கிய கொக்குகளை இரவில் கூவவைத்து, தாழப் பறந்து வரும் கூட்டத்தின் மீது நுனியில் எடை கட்டிய கயிற்றை வீசிப் பிடிக்கும் பழைய வேட்டை வழக்கம் உண்டு. பெரும்பாலும் வேறு இனக் கொக்குகளுக்கு வைக்கும் குறிதான். ஆனால் சில பத்துப் பறவைகள் மட்டுமே மிஞ்சிய கூட்டத்துக்கு ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு மூன்று போனாலே போதும்.

1983 பிப்ரவரியில் பரத்பூரிலேயே பன்னாட்டுப் பெருங்கொக்கு மாநாடு நடந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த அந்த நாளில் சோவியத் ஆய்வாளரும் அமெரிக்க ஆய்வாளரும் ஒரே ஏரிக்கரையில் நின்று ஒரே பறவையைப் பார்த்தார்கள். 1985-ல் சாவி தன் ஆய்வேட்டைக் கார்னெலில் சமர்ப்பித்தார்: சைபீரியப் பெருங்கொக்கின் பரவல், நிலை, குளிர்காலச் சூழலியல். பண்ணையைத் தொடங்கி, நாடு நாடாக அலைந்ததற்கு நடுவே எழுதி முடித்ததால் பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பின் அவருக்கு அதிக நாள் இல்லை. 1987 ஜனவரியில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோனார். வயது 38. பாராபூவில் இருக்கும் பெருங்கொக்கு நூலகத்துக்கு அவர் பெயர்தான்.

கிழக்கே நல்ல செய்தி வந்திருந்தது. 1980-81 குளிர்காலத்தில் சீனாவின் போயாங் ஏரியில் சைபீரியப் பெருங்கொக்குகள் தங்குவதைச் சீன ஆய்வாளர்கள் கண்டார்கள். யாகூத்தியாவில் கூடு வைக்கும் கிழக்குக் கூட்டம் அது. பின்னாளில் அங்கே ஆயிரக்கணக்கில் எண்ணப்பட்டன. இனம் இன்று பிழைத்திருப்பது அந்த ஏரியால்தான். மேற்குக் கூட்டத்தில் ஈரானுக்கு வருவது கடைசியில் ஒற்றைப் பறவையானது. 'நம்பிக்கை' என்று பொருள்படும் ஓமித் என்ற பெயரை மக்கள் அதற்கு வைத்தார்கள். பத்தாண்டுக்கு மேலாகத் தன்னந்தனியாகக் காஸ்பியன் கரைக்கு வந்து போனது. 2023-ல் கூண்டில் வளர்ந்த ஒரு பெண் கொக்கை அதற்குத் துணையாக விட்டுப் பார்த்தார்கள்.

பரத்பூருக்கு வந்த கூட்டத்தின் கணக்கு சாவி தொடங்கிவைத்த வழியிலேயே தொடர்ந்தது. எண்பதுகளில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. 1992-93-ல் ஐந்து. அடுத்த இரண்டு குளிர்காலங்களில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தபோது, 1996-ல் மறுபடியும் நான்கு வந்து இறங்கின. வளர்ப்புக் கொக்குகளைக் கொண்டுவந்து விட்டுக் காட்டுக் கொக்குகளோடு சேர்த்துவிடும் முயற்சியும் நடந்தது, கைகூடவில்லை.

2001-02 குளிர்காலத்தில் ஒரு ஜோடி வந்தது. ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்த காலம் அது. இரண்டும் தங்களுக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலச் சேற்றில் கிழங்கு தோண்டின. மார்ச் மாதம் வெயில் ஏறத் தொடங்கியதும் வடக்கே கிளம்பிப் போயின. அடுத்த நவம்பரில் கனாவின் கரைகளில் தொலைநோக்கியோடு காத்திருந்தவர்கள் குறிப்பேட்டில் அந்த வரிசையில் சுழியம் எழுதினார்கள். அதற்கடுத்த ஆண்டும் அதையே எழுதினார்கள்.